புள்ளியார் படித்த மணி

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். காப்பி போட்டு நின்றபடியே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பின்னறையைத் திறந்து, மெல்லிய இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் களிமண் குழம்பில் தோய்த்து, மணல் டப்பாவில் காய நட்டுவைத்தான். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி மணி கம்பியை விட்டுக் கழன்று வராது. ஜன்னலைத் திறந்தான். விளக்கைப் பற்றவைத்தான்.

விளக்கு என்றால் மேசை விளிம்பில் திருகி நிறுத்திய காஸ் விளக்கு. சீறுகிற நீல நாக்கு. அதில் கண்ணாடிக் குச்சியை உருக்கிக் கம்பியில் சுற்றி மணி செய்வது அவன் தொழில். மனைவி இருந்தவரை அவன் மணி செய்தான். அவள் அதற்கு உலோகம் ஏற்றினாள். வெள்ளி ரேக்கை ஒட்டித் தேய்ப்பாள், செம்புத் தகட்டை வெட்டிப் பதிப்பாள், வெள்ளிக் கம்பியைச் சுற்றுவாள். கல்லூரியில் வேதியியல் படித்தவன் அவன், கைப்பக்குவம் அவளுடையது. போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு மணிகள் வெறும் கண்ணாடியாகவே கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஜன்னலில் ஒரு தலை முளைத்தது.

“புள்ளியார் இருக்காரா?”

“அடுத்த தெரு.”

“இல்ல, விளக்கு எரியுதே...”

“அடுத்த தெரு.”

இது தினமும் நடக்கிற கூத்து. ஒரு தலை போகும். இன்னொரு தலை வரும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஓர் அட்டையில் ‘புள்ளியார் இங்கே இல்லை’ என்று எழுதி வாசலில் மாட்டினான். மறுநாள் அந்த அட்டைக்கு முன்னால் வரிசை நின்றது. ஓர் அம்மாள் அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் உருகினாள்: “இங்கே இல்லைன்னு அவரே எழுதி வச்சிருக்காரு பாரு. அப்ப மத்த எல்லா இடத்துலயும் இருக்காருன்னுதானே அர்த்தம்!”

அவன் அட்டையைக் கழற்றிவிட்டான்.

புள்ளியார் முன்பு கூடையில் வைத்து பிளாஸ்டிக் தோடு விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, செத்தவர்களைப் பேசவைத்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் தொழிலில் முன்னேறினால் இப்படி முன்னேற வேண்டும். தோடு வாங்குகிறவர்கள் ஒரு காது ஓட்டை சரியில்லை என்றாலும் சண்டைக்கு வருவார்கள். செத்தவர்களின் சொந்தக்காரர்கள் எதற்கும் சண்டைக்கு வருவதில்லை.

அவருடைய தத்துவம் எளிமையானது. உயிர் இருக்கும்வரை மனிதன் உயிரெழுத்தோடு பேசுகிறான். உயிர் போனால்? மெய் மட்டும் மிஞ்சும். மெய்யெழுத்தின் தலையில் என்ன இருக்கிறது? புள்ளி. ஆகவே செத்தவர்கள் புள்ளியால் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தூங்கி வழிந்த இலக்கணப் பாடத்துக்குள் இத்தனை பெரிய ரகசியம் ஒளிந்திருந்ததே என்று ஊர் புல்லரித்துப்போனது. அன்றைக்கும் தூங்கினார்கள், இன்றைக்கும் தூங்குகிறார்கள். நடுவில் கண் திறந்த ஒரே ஆள் புள்ளியார்.

முறை இதுதான். இறந்தவர் பயன்படுத்திய வெள்ளிச் சாமான் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். சங்கிலி, மோதிரம், கிண்ணம், எதுவானாலும் சரி. அதிலிருந்து முடி பருமனுக்கு ஓர் இழை எடுத்து, கருநீலக் கண்ணாடி மணிமேல் சுற்றி, நெருப்பில் காட்டுவார். கம்பி துடிக்கும், அறும், சுருங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிமேல் குட்டிக் குட்டி வெள்ளிப் புள்ளிகளாக உருண்டு நிற்கும். கொட்டகை அலறும். புள்ளியார் பூதக்கண்ணாடியை எடுத்துப் படிப்பார்.

புள்ளிக்குக் கீழே எழுத்து எங்கே என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் இருந்தது. புள்ளி மேலே இருக்கிறது. எழுத்து கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது. அது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். புள்ளிகள் அதிகமாக விழுந்துவிட்டால்? “ஒற்று மிகுந்திருக்கு” என்பார். குறைவாக விழுந்தால்? “ஒற்று மிகாத இடம்.” உயிரெழுத்து இல்லாமல் எப்படிப் புரியும்? “அதை நான் போட்டுக்குறேன்.” ஆக, செத்தவர் தருவது புள்ளி; மிச்சம் எல்லாம் புள்ளியார். மீதி வெள்ளி என்ன ஆகிறது? “மேலே போயிடும்.” மேலே போன வெள்ளியில் கொஞ்சம் வழி தவறி அவருடைய மூக்குக்கண்ணாடிச் சட்டத்திலும் கைத்தடிப் பூணிலும் இறங்கியிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருமுறை ஒரு மணியில் வெறும் மூன்று புள்ளிகள் விழுந்தன. புள்ளியார் உற்றுப் பார்த்தார். “ஃ” என்றார். கொட்டகை மூச்சை அடக்கியது. “தும்மல். உங்க மாமனாருக்கு மேலேயும் ஜலதோஷம் விடல.” அந்த மருமகள் அழுதுகொண்டே ஓடிப்போய் ஒரு கம்பளி வாங்கிவந்து கொடுத்தாள். அதுவும் மேலே போனது.

இந்தக் கொட்டகைக்குத்தான் அவனுடைய அத்தை, அதாவது இறந்துபோனவளின் அம்மா, போக ஆரம்பித்திருந்தார்.

அத்தை ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வீடு அத்தையுடையது, பின்னறையும் அத்தையுடையது. மகள் போன பிறகு அவரும் அவனும் ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். அத்தை ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“மாப்பிள்ளை, கடைசியா அவ என்னதான் சொன்னா?”

“ஒண்ணுமில்ல அத்தை.”

“நீங்க ஒருத்தர்தானே கூட இருந்தீங்க? ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலா போயிட்டா?”

“அப்படிப் பெருசா ஒண்ணும் இல்ல அத்தை.”

அவன் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னது அவ்வளவு சாதாரணமானது. அழுகிற ஒரு தாயின் கையில் வைக்கிற மாதிரி இல்லை. அவன் சும்மா இருந்தான். சும்மா இருந்தவனின் வீட்டுக்குள் புள்ளியார் சுலபமாக நுழைந்துவிட்டார்.

ஒரு நாள் அத்தை முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு கருநீல மணி. மகளின் வெள்ளிக் காப்பைக் கொடுத்து வாங்கியது.

“பேசிட்டா மாப்பிள்ளை! என் பொண்ணு பேசிட்டா!”

“என்ன பேசுனா?”

“வ், ள், க், க். அப்புறம் வ், ல், க், க்.” அத்தை ஒவ்வொரு எழுத்தாக, கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற மாதிரி சொன்னார். “விளக்கை விலக்கு! அந்தப் பின்னறை விளக்குதான் அவளைப் போகவிடாமப் பிடிச்சு வச்சிருக்காம். ஒரே சூடாம் அவளுக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை விளக்கைக் கழட்டி அவர்கிட்ட ஒப்படைச்சுடணும்.”

அவன் மேசையைப் பார்த்தான். அந்த விளக்குதான் சோறு. அவள் உட்கார்ந்த நாற்காலி அந்த விளக்கின் இடது பக்கம் இருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் அவள் இடுக்கியைத் தட்டித் தட்டி விழுந்த பள்ளம் இருந்தது.

“விளக்கைக் குடுத்துட்டா நான் என்ன அத்தை செய்யறது?”

“படிச்ச பிள்ளைதானே? எங்கேயாவது ஆபீஸ்ல வேலை கிடைக்கும். செத்தவ சூட்டுல வேகுறா, உங்களுக்கு மணிதான் பெருசாப் போச்சா?”

இதற்குமேல் பேச முடியாது. வீடு அவருடையது, மகள் அவருடையவள். அத்தை உள்ளே போகும்போது தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டார்: “ஒண்ணு மட்டும் உறுத்துது. அந்த மனுஷனுக்கு ளகரமே வரல. ‘விலக்கை விலக்கு’ங்குறாரு. நான் திருத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு.”

புதன்கிழமை அமர்வுக்கு அவனும் கூடப் போனான்.

கொட்டகையில் பெரும்புள்ளிகள் முன்னால், சிறுபுள்ளிகள் பின்னால். திரை இருந்த இடத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு விளக்கு. அவனுடையதைப் போலவே, ஆனால் மலிவானது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. மைக்கும் கையுமாக மைக்காரர் ஒருவர் கிரிக்கெட் ஆட்டம் சொல்வது போல நடப்பதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கம்பி சிவக்கிறது... சிவக்கிறது... ஆ! ஆவி இறங்குகிறது!”

முதலில் ஒரு தையல்காரர். அப்பாவைப் பறிகொடுத்தவர். போன மாதமே மணி வாங்கியிருந்தார். ப், ட், ட். புள்ளியார் அதற்கு உயிர் போட்டு “பெட்டி” என்று படித்திருந்தார். வீட்டுக்குள் அப்பா ஒரு பெட்டியைப் புதைத்திருக்கிறாராம். தையல்காரர் அடுப்பங்கரையைத் தோண்டினார். பெட்டி வரவில்லை, தண்ணீர்க் குழாய் உடைந்து தெருவே நனைந்தது.

“ஐயா, பெட்டி இல்லீங்களே?”

“எந்தப் பக்கம் தோண்டுனே?”

“தெக்குப் பக்கம்.”

“நான் வடக்குன்னுல்ல சொன்னேன்!”

“நீங்க பக்கமே சொல்லலீங்களே...”

“கேட்டியா நீ?” என்றார் புள்ளியார். தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கேட்காதது தன் தப்புதான் என்று கூட்டத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார். ப், ட், ட் என்பது பூட்டாகவும் இருக்கலாம், பாட்டாகவும் இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பாட்டியையும் தோண்டியிருப்பார்.

புள்ளியார் வெள்ளி இழையைச் சுற்றுகிற விதத்தை அவன் கவனித்தான். இடது கட்டைவிரலால் நுனியை அழுத்திக்கொண்டு, கம்பியைத் திருப்பாமல் மணியைத் திருப்புகிற விதம். அந்தக் கையசைவு அவனுக்குத் தெரியும். தோடு விற்ற காலத்தில் இந்த ஆள் பின்னறை ஜன்னலில் வந்து நின்று, “இது எப்படிம்மா உருண்டை உருண்டையா ஆகுது?” என்று கேட்டிருக்கிறார். அவள் வேலையை நிறுத்திவிட்டு, ஒருமுறைக்கு இரண்டு முறை செய்து காட்டினாள். யார் கேட்டாலும் அவள் அப்படித்தான். அவளிடம் கற்றதை வைத்துக்கொண்டு அவள் அம்மாவிடமே கடை விரித்துவிட்டார். இதே ஊரில் இன்னொரு விளக்கு எரிகிறவரை இந்த வித்தை என்றைக்காவது வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதனால்தான் செத்தவளுக்குத் திடீரென்று சூடு தாங்கவில்லை.

அவனுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளிக் கம்பியை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனான். கடையிலிருந்து வந்து பிரிக்காத சுருளில் வெட்டியது. எந்தக் கழுத்திலும் எந்த விரலிலும் ஏறாத வெள்ளி.

“யாரோடது தம்பி?”

“எங்க அண்ணன்.”

கீழே அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கல்யாணப் பேச்சின்போதே விசாரித்துத் தெரிந்துகொண்டவர்.

கம்பி சிவந்தது, அறுந்தது, உருண்டது. புள்ளிகள் முத்து முத்தாக நின்றன. புள்ளியார் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். “த்... ம்... ப்... ‘தம்பி’! உன்னைத்தான் கூப்பிடுறாரு. ரொம்பப் பாசமான மனுஷன்.”

அத்தையால் பொறுக்க முடியவில்லை. “இவருக்கு அண்ணனே கிடையாதுங்களே!”

கொட்டகை அடங்கியது. அவன் காத்திருந்தான். புள்ளியார் இமைக்கவில்லை. கண்ணை மூடினார், பெருமூச்சு விட்டார், குரலைத் தாழ்த்தினார்.

“பிறக்காமலே போன அண்ணன். தாய் யார்கிட்டயும் சொல்லாத ரகசியம். இன்னிக்குத்தான் அந்த உசுருக்குப் பேச வழி கிடைச்சிருக்கு.”

அவ்வளவுதான். கொட்டகை கதறியது. இதுவரை இல்லாத அளவுக்குக் கதறியது. இருந்து செத்தவர்களுக்கு அழுததைவிட, இல்லாமலே செத்தவனுக்கு அதிகமாக அழுதார்கள். ஒரு பல் டாக்டர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

“அழுதுடுங்க சார். அண்ணன் போன துக்கத்தை அடக்கி வைக்காதீங்க. பல்லுக்கும் நல்லதில்ல.”

வீடு திரும்பும் வழியில் பால் வாங்கப் போனவர்கள்கூட அவனிடம் துக்கம் விசாரித்தார்கள். சோதனை தோற்றது. ஜனங்களுக்குச் சோதனையும் ஒரு காட்சிதான். இந்தக் காட்சி அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அத்தை மட்டும் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மணிகளையும், மகளுடையதையும் ‘அண்ணனுடையதையும்’, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உருட்டிப் பார்த்தார். இடம் மாற்றிப் பார்த்தார். நூலைக் கையால் மறைத்தால் எது எது என்று அவருக்கே தெரியவில்லை.

“மாப்பிள்ளை. இதுல என் பொண்ணு எது?”

“நூல் கட்டியிருக்கே அத்தை.”

“நூலைக் கழட்டிட்டா?”

“தெரியாது.”

“மணி செய்யுற உங்களுக்கே தெரியாதா?”

“வெள்ளி எல்லாம் ஒரே மாதிரிதான் அத்தை உருளும்.”

அத்தை இரண்டு மணிகளையும் உள்ளங்கையில் எடுத்தார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். “எனக்கு ஒண்ணும் புரியல,” என்றார் கடைசியில். “கொஞ்சம் விளக்குங்க.”

சொன்னவர் அப்படியே நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது. “வ், ள், க், க்,” என்றார் மெதுவாக. “விளக்கு. விளக்கிச் சொல்லுன்னும் படிக்கலாம்ல?”

“படிக்கலாம் அத்தை.”

“ரெண்டாம் வகுப்புல சொல்லிக்குடுத்த பாடம். என் புத்தி எங்கே போச்சு!”

அவன் விளக்கைப் பற்றவைத்தான். அத்தையை இடது பக்க நாற்காலியில் உட்காரவைத்தான். கண்ணாடிக் குச்சியை உருக்கி மணி ஒன்று சுற்றினான். வெள்ளிக் கம்பியின் நுனியை அத்தையின் விரலுக்கு அடியில் வைத்து, “நீங்க பிடிங்க, நான் மணியைத் திருப்புறேன்” என்றான். கம்பி சுற்றிக்கொண்டது. “இப்ப நெருப்புல காட்டுங்க.” கம்பி சிவந்தது, அறுந்தது, ஒவ்வொரு துண்டும் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு உருண்டையானது. இலைமேல் விழுந்த தண்ணீர் உருள்கிற மாதிரி.

“உருகின வெள்ளி தட்டையா நிக்காது அத்தை. உருண்டுக்கும். கண்ணாடியில பரவ அதுக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம். தோடு வித்த காலத்துல அந்த ஆள் ஜன்னல்ல நின்னு உங்க பொண்ணுகிட்டத்தான் இதைக் கத்துக்கிட்டாரு.”

அத்தை மணியையே பார்த்தார். “நான் இப்ப பால்காரனை நெனச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து பால்ல தண்ணி கலந்தவனை.”

“அப்படியா?”

“அவன் உயிரோடதானே இருக்கான்?”

“காலையில பார்த்தேன்.”

“அப்ப இந்தப் புள்ளி யாரோடது?”

“வெள்ளியோடது.”

அடுத்து செம்புக் கம்பியைச் சுற்றினார்கள். அது கறுத்துச் சுருண்டு அப்படியே கிடந்தது. ஒரு புள்ளிகூட விழவில்லை. செம்பு உருக இன்னும் சூடு வேண்டும். அதற்குள் மணியே வழிந்துவிடும் என்று அவன் சொன்னான்.

“அதான் செம்பு கொண்டுவந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டாரா? மட்டமான உலோகத்துல ஆவி இறங்காதுன்னாரே!” அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. “செத்தும் கௌரவம் பார்க்குறாங்களே, பாவம்!”

சிரித்து முடித்ததும் முகம் இறுகியது. “ஆனா இதைச் சொன்னா அங்கே எவனும் கேக்க மாட்டான். வெள்ளிக்குள்ள ஆவி இருந்ததாலதான் உருண்டுச்சும்பான். அண்ணன் கதையில பார்த்தோமே. வேற மாதிரிதான் கேக்கணும்.” கண்ணாடியைக் கழற்றினார். “எழுத்துன்னா என்ன மாப்பிள்ளை? ஒருதரம் படிச்சதையே மறுதரமும் படிக்க முடியணும். அதுக்குப் பேர்தான் எழுத்து. விளக்கைக் கழட்டிப் பையில போடுங்க. ஞாயித்துக்கிழமை போறோம்.”

ஞாயிறு பேரமர்வு. விளக்கு ஒப்படைக்கும் விழா என்று மைக்காரர் ஊரெல்லாம் கூவியிருந்தார். கொட்டகையில் நிற்க இடமில்லை. புள்ளியார் இன்னும் உள்ளே அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்தார். அத்தை முன்வரிசைக்குப் போனார். பெரும்புள்ளிகள் அத்தனை பேரும் பார்க்க, கழுத்திலிருந்த மணியைக் கழற்றித் தையல்காரர் கையில் வைத்தார். தையல்காரரின் மணியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“எதுக்கும்மா இது?” என்றார் பல் டாக்டர்.

“சும்மா. எதுவும் பேசாமப் பாருங்க.”

முன்வரிசையில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். பேசாதே என்றால் பேசமாட்டார்கள்.

புள்ளியார் வந்தார். அத்தை சொல்லிக்கொடுத்தபடி தையல்காரர் கை கூப்பினார். “ஐயா, பெட்டி எந்த மூலையில இருக்குன்னு எங்கப்பா மணியை இன்னொரு தரம் படிச்சுச் சொல்லுங்க.”

புள்ளியார் மணியை வாங்கினார், பூதக்கண்ணாடி வழியே பார்த்தார், கனிந்தார். “ப்... ட்... ட். நல்லாத் தெரியுதே! ‘பெட்டி. வடகிழக்கு மூலை. ஆழமாத் தோண்டு.’”

அடுத்து அத்தை. விளக்குப் பையை மேசைமேல் வைத்தார். பை கனத்தது, புள்ளியாரின் கண் அதிலேயே இருந்தது. “குடுக்குறதுக்கு முன்னாடி என் பொண்ணு குரலை ஒருதரம் கேட்டுக்குறேன்” என்று கழுத்து மணியை நீட்டினார்.

“வ்... ல்... க்... க். அதேதான் அம்மா! ‘விலக்கை விலக்கு.’ ரொம்பத் துடிக்கிறா. சீக்கிரம் குடுத்துடுங்க.”

“ளகரம்,” என்றார் அத்தை.

“என்னது?”

“விளக்கு. நாக்கை மடிச்சுச் சொல்லுங்க. சரி, அது போகட்டும்.” அத்தை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். மைக் அவருக்குத் தேவைப்படவில்லை. “இப்ப இவர் என் பொண்ணுன்னு படிச்சது தையல்காரரோட அப்பாவை. தையல்காரரோட அப்பான்னு படிச்சது என் பொண்ணை. மாத்தினதை முன்வரிசை முழுக்கப் பார்த்துச்சு. பார்த்தீங்களா இல்லையா?”

“பார்த்தோம் டீச்சர்,” என்றது முன்வரிசை ஒரே குரலில்.

புள்ளியார் சிரித்தார். “ஆவிங்க வழியில சந்திச்சுக்கிட்டு மணியை மாத்திக்கிட்டாங்க. இது சகஜம்.”

“ஆஹா!” என்றார் மைக்காரர். பின்வரிசையில் நாலு பேர் கைதட்டினார்கள். யோசிக்காமல் தட்டுகிற கை எந்தக் கொட்டகையிலும் தயாராக இருக்கும்.

“அப்படியா? நல்லது,” என்றார் அத்தை. முன்வரிசைக்காரர்களின் மணிகளை எல்லாம் கேட்டு வாங்கினார். ஒரு தம்ளரில் போட்டார். குலுக்கினார். ஒன்றை எடுத்து நீட்டினார். “இதைப் படிங்க.”

புள்ளியார் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். “க்...”

“ம். அப்புறம்?”

“ர்...”

“சரி. இப்ப உள்ளே போடுங்க.” மறுபடி குலுக்கினார். இன்னொன்றை எடுத்தார். “இது முன்னாடி படிச்சதா, வேறயா?”

புள்ளியார் பார்த்தார். வெள்ளிச் சட்டத்துக்குள் கண்கள் அலைந்தன. புள்ளிகள் அவரைப் பார்த்தன. அவர் புள்ளிகளைப் பார்த்தார்.

“படி,” என்றார் அத்தை.

மரியாதை போய்விட்டதை எல்லாரும் கவனித்தார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்கு முன்வரிசை முதுகுகள் தானாக நிமிர்ந்தன. பல் டாக்டர் ஏனோ எழுந்து நின்றார்.

“இன்னிக்கு... வெலிச்சம் சரியில்லை,” என்றார் புள்ளியார்.

“பூதக்கண்ணாடி இருக்கு, விளக்கு இருக்கு, வெளிச்சம் சரியில்லையா? எழுத்துன்னா எத்தனை தரம் படிச்சாலும் ஒண்ணுதான்டா. உனக்குத் தெரிஞ்ச புள்ளி எல்லாம் வெள்ளிப் புள்ளி. நீ ஜன்னல்ல நின்னு என் பொண்ணுகிட்டக் கத்துக்கிட்ட வித்தை!” அத்தை மூச்சு வாங்கினார். “வ், ள், க், க். இதை ‘வெளுக்க’ன்னும் படிக்கலாம். இப்ப எனக்கு அப்படித்தான் படிக்கத் தோணுது.”

கொட்டகை வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே கோபமாக மாறியது. “எங்கம்மா சங்கிலி எங்கேடா?” என்று ஒரு குரல். “கம்பளி எங்கே?” என்று இன்னொன்று. கைத்தடியைப் பிடுங்கிப் பூணைக் கழற்றினார்கள். மூக்குக்கண்ணாடி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. மைக்காரர் பழக்கதோஷத்தில் வருணித்துக்கொண்டிருந்தார்: “இதோ புள்ளியார் ஓடுகிறார்... பின்வாசல் பூட்டியிருக்கிறது... ஆ! திரும்பி வருகிறார்!”

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் ஜனங்கள்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். முடியவில்லை. மூச்சு வாங்கி ஓய்ந்ததும், கம்பளி கொடுத்த மருமகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அவன் திருட்டுப் பய. நீங்க படிச்சவங்க. நீங்களே இந்த மணியைப் பார்த்து எங்க மாமனார் என்ன சொல்றாருன்னு சொல்லுங்க.”

“ஆமாம்மா, உங்களுக்கு ளகரம்கூட வருது!”

வரிசை மறுபடி உருவாக ஆரம்பித்தது. அத்தை கையை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். பல் டாக்டர் அவன் பக்கம் வந்தார்.

“சார், உங்களுக்கும் அந்தத் தொழில் தெரியுமாமே? நீங்க உட்காருங்க, கூட்டத்தை நான் பார்த்துக்குறேன். சரி, அது வேணாம். உங்க சம்சாரம் கடைசியா ஏதாவது சொல்லியிருப்பாங்கள்ல? அதையாவது சொல்லுங்க. அதுல எங்களுக்கும் ஒரு சேதி இருக்கும்.”

“உஷ்! சேதி சொல்லப் போறாரு!”

கொட்டகை அடங்கியது. தையல்காரர் காதை முன்னால் நீட்டினார். அத்தையும் அவனைத்தான் பார்த்தார். மாதக்கணக்காக வீட்டில் கேட்ட கேள்வி இப்போது அவர் கண்ணில் இருந்தது. இந்த முறை ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னால் இன்னொரு கொட்டகை, இன்னொரு புள்ளியார்.

“பெருசா ஒண்ணும் இல்ல,” என்றான் அவன். “அன்னிக்கு மணி எல்லாம் ஆறுறதுக்குச் சூளையில இருந்துச்சு. நான் கட்டில்ல படுத்துக்கிட்டே, சூளை ஆறிடுச்சான்னு கேட்டேன். அவ அடுப்பங்கரையில இருந்தா. அங்கிருந்தே கத்தினா. அதுக்கப்புறம் சத்தம் இல்ல. நான் போய்ப் பார்க்குறப்ப கீழே விழுந்து கிடந்தா.”

“என்ன கத்தினா?” என்றார் அத்தை.

அவன் அவள் கத்திய மாதிரியே சொன்னான்.

“எல்லாத்துக்கும் என்னையே கேக்காதீங்க. கண்ணு இருக்குல்ல? எந்திரிச்சுப் போய்ப் பாருங்க.”